அக்சிலேற்றரில் கை வைக்காதீர்கள், கியரைக் குறையுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் பரந்தன் பக்கம். பாவித்த ஐந்தடி ரொட்டவேற்றர் (சுற்றுகிற கத்திகளால் மண்ணை வெட்டிக் கிளறுகிற கருவி) ஒன்றை வாங்கி எங்கள் 45 குதிரைவலு உழவு மெசினில் பூட்டி, சொந்த வயலும் கூலி வயலும் அடிக்கிறேன். பாரம் மீறினால் உடையவென்று வைத்த ஷியர் போல்ட் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று உடைகிறது. மண்ணும் கட்டி கட்டியாகவே கிடக்கிறது, இரண்டாம் தரம் அடிக்கப் போனால் டீசல் காசு கட்டாது. அக்சிலேற்றரைக் குறைத்து கியரைக் கூட்டி ஓட்டு, டீசல் மிஞ்சும் என்கிறார் மாமா. அண்ணா கனடாவில் மெசினுக்குப் பின்னால் பூட்டுகிற ஸ்னோ புளோவர் வைத்து, ஒப்பந்தத்துக்குப் பனி அகற்றுகிறவர். அவர் போனில், "அக்சிலேற்றரைக் கூட்டி வை, மெசினை ஊர விடு" என்கிறார். பனிக்கும் மண்ணுக்கும் ஒரே கணக்கா? யார் சொல்வதைக் கேட்பது? அண்ணாவும் ஒன்று கேட்டுச் சொல்லச் சொன்னவர்: ஈரப்பனி விழுகிற நாளில் பனி வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டே இருக்கிறதாம்.

பதில்:

தம்பி, முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை முற்றிவிடும். அண்ணா சொல்வதுதான் சரி. மாமா சொல்வதும் முழுப் பிழை இல்லை. அவர் பழகியது கொழுக் கலப்பை. அதை இழுத்தால் போதும், பின்னால் ஒன்றும் சுற்றத் தேவையில்லை. இலகுவான மண்ணில் ஒரு கியர் கூட்டி அக்சிலேற்றரைக் குறைத்து ஓட்டினால் டீசல் மிஞ்சும் என்பது அந்த வேலைக்கு உண்மைதான். அதே பழக்கத்தை ரொட்டவேற்றருக்கும் கொண்டு வந்ததில்தான் வந்தது வினை.

மெசினுக்குப் பின்னால், எஞ்சின் சுற்றைக் கருவிக்குக் கொடுக்கிற, வரி வெட்டின கட்டைச் சாப்ற் நீட்டிக்கொண்டு நிற்கிறதே, பி.ரி.ஓ., அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் என்று கணக்கு வைத்துத்தான் உங்கள் ரொட்டவேற்றரும் செய்யப்பட்டிருக்கிறது, அந்த அளவு மெசின்களில் பூட்டுகிற ஸ்னோ புளோவரும் செய்யப்பட்டிருக்கிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினால் அந்த 540 வரும் என்பது மெசினுக்கு மெசின் வேறு. எஞ்சின் சுற்றைக் காட்டுகிற மீற்றரில் அதற்கென்று ஒரு கோடோ சின்னமோ போட்டிருப்பார்கள். மீற்றர் வேலை செய்யாவிட்டால் (எங்கள் பக்கத்தில் மீற்றர் வேலை செய்கிற மெசின்களை விரல் விட்டு எண்ணலாம்) அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றக் கதை. காதால் கேட்டு 540 பிடிக்கிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, நானே முப்பது வருடம் கேட்டும் பிடிபடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ரொட்டவேற்றர் சாப்ற்றில் வட்டத் தகடுகள் இருக்கும், ஒவ்வொரு தகட்டிலும் வழக்கமாக ஆறு கத்தி, மூன்று இடப்பக்கம் வளைந்தது, மூன்று வலப்பக்கம் வளைந்தது. ஆகவே ஒரே தடத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று வெட்டு விழும். கத்திச் சாப்ற் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்று வைப்போம், 600 வெட்டு. மெசின் மணிக்கு 3 கிலோமீற்றரில் ஊர்ந்தால் நிமிடத்துக்கு 50 மீற்றர் நகரும், அதை 600 ஆல் பிரித்தால் ஒரு வெட்டுக்கு 8 சென்ரிமீற்றர் சொச்சம், நாலு விரற்கடை. அதே மெசின் 5 கிலோமீற்றரில் போனால் ஒரு வெட்டு 14 சென்ரிமீற்றர் ஆகிவிடும். இப்போது மாமா சொன்னபடி அக்சிலேற்றரைக் குறைத்து, கத்திச் சாப்ற் 150 சுற்றுக்கு இறங்கி, கியரைக் கூட்டினதால் மெசின் அதே 5 கிலோமீற்றரில் ஓடினால்? 18 சென்ரிமீற்றருக்கு மேல், சாணுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் வயலில் கட்டி கட்டியாகக் கிடக்கிறது என்றீர்களே, அந்தக் கட்டி ஒவ்வொன்றும் கத்தி ஒரு தரம் கடித்த வாய். கத்தி தேய்ந்துவிட்டது என்று பலர் ஓடிப் போய்ப் புதுக் கத்தி வாங்குகிறார்கள், கணக்கு இருப்பது கியர்க் கம்பியில்.

ஒன்று கவனியுங்கள். கியரை மாற்றாமல் அக்சிலேற்றரை மட்டும் குறைத்தால் மெசினும் மெதுவாகும், கத்தியும் மெதுவாகும், கடிக்கிற அளவு மாறாது. அப்படியானால் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கத்தி மெதுவானால் வெட்டின கட்டியைப் பின் தகட்டில் எறிந்து நொறுக்குகிற விசை போய்விடும், எஞ்சினுக்கும் இறுகின இடம் வந்தால் தாங்கிப் பிடிக்க மூச்சு இருக்காது. அதோடு கியரைக் கூட்டி, அதே நேரத்தில் அதே வேலையைக் குறைந்த சுற்றில் செய்தால் சாப்ற்றில் விழுகிற முறுக்கு கூடும். சைக்கிளில் பாரக் கியரில் ஏற்றம் மிதித்துப் பார்த்தவருக்கு இது தெரியும், முழங்கால் சொல்லும். இங்கே முழங்காலுக்குப் பதிலாக உங்கள் ஷியர் போல்ட் சொல்லுகிறது.

மெசின் ஊர்கிற வேகத்தை அறிய மீற்றர் தேவையில்லை. வரம்போடு 25 மீற்றர் அளந்து இரண்டு தடி நட்டுவிட்டு, கத்தி மண்ணில் இருக்க ஓட்டிப் போனில் நேரம் பாருங்கள். 30 விநாடி எடுத்தால் 3 கிலோமீற்றர் வேகம், 18 விநாடியில் கடந்தால் 5. இறுகின மண்ணுக்கு 30 விநாடிக்குக் குறையவே வேண்டாம்.

டீசல் கதையையும் முடித்துவிடுகிறேன், உங்கள் மாமாவுக்கு அதுதானே கவலை. ஐந்தடி என்றால் ஒன்றரை மீற்றர். 3 கிலோமீற்றரில் மணித்தியாலத்துக்கு 4500 சதுர மீற்றர், திருப்பிற நேரமும் மேல்விழுகிற தடமும் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கும், மிச்சம் 3600. ஒரு ஏக்கர் 4000 சொச்சம் என்பதால் ஏக்கருக்கு ஒரு மணித்தியாலமும் ஏழெட்டு நிமிடமும். 5 கிலோமீற்றரில் ஓட்டினால் 40 நிமிடம். ஆனால் கட்டி கிடக்கிறதே என்று திரும்பவும் அடித்தால் 80 நிமிடம், வயலும் இரண்டு தரம் சில்லுக்குக் கீழே நசிந்திருக்கும். கூலிக்கு அடிக்கிறவர்கள் ஏக்கர்க் கணக்கில் காசு வாங்குகிறபடியால் ஒரு தரத்தோடு ஓடிவிடுகிறார்கள், கட்டியை வயல்காரன் விதைக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று. நீங்கள் அப்படிச் செய்யாமல் இருந்தால் அடுத்த போகம் உங்களைத் தேடி வருவார்கள்.

சேற்று அடிப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தண்ணீர் பாதி வேலையைச் செய்துவிடும், ஒரு கியர் கூட்டலாம், 540 மட்டும் குறையக் கூடாது. சேற்றில் பார்க்க வேண்டியது வேறொன்று. வேலை முடிந்து அடுத்த நாள் காலையில் பக்கச் செயின் பெட்டியின் அடி நட்டைக் கொஞ்சம் இளக்கி ஒயில் என்ன நிறம் என்று பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் வழியே தண்ணீர் போய்விட்டது, அதோடு ஓட்டினால் செயினும் பெயாரிங்கும் ஒன்றாகப் போகும்.

இனி போல்ட். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று உடைவது வேகத்தால் மட்டும் வராது என்று எனக்குப் படுகிறது. பாவித்தது வாங்கினது என்கிறீர்கள், விற்றவர் கத்தி மாற்றும்போது ஒழுங்கைக் குழப்பியிருக்கலாம். மெசினைச் சமதரையில் நிறுத்தி, ரொட்டவேற்றரைத் தூக்கி, கீழே மரக்குற்றி இரண்டு கொடுத்து (ஹைட்ரோலிக்கை நம்பிக் கீழே கை நீட்ட வேண்டாம்), எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். கத்தி நுனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருகாணி வரி போலச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். அப்படி இருந்தால்தான் கத்தி ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கும், பாரம் ஒரே சீராக இருக்கும். இரண்டு மூன்று தகட்டின் கத்திகள் ஒரே வரிசையில் நின்றால் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணைக் குத்தும், மெசின் ஆட்டுக்கடா போலத் துள்ளும், போல்ட் போகும். கூர்ப்பக்கம் சுற்றுகிற திசைக்கு முன்னால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், சிரிக்காதீர்கள், திருப்பிப் பூட்டின கத்தியோடு ஒரு போகம் முழுக்க அடித்த ஆளை எனக்குத் தெரியும்.

போல்ட் உடைகிறதே என்று பலமானதைப் போடுகிற எண்ணம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது உடைவதற்காகவே வைத்த போல்ட். தலையில் பலத்தைக் காட்டுகிற எண் 8.8 என்று இருக்க வேண்டிய இடத்தில் 10.9 போட்டால் போல்ட் உடையாது, அதற்குப் பதில் கியர்ப் பெட்டிப் பல்லு உடையும். வெட்டின கம்பித் துண்டு, வெல்டிங் குச்சி, இதெல்லாம் போட்டு வந்த ரொட்டவேற்றர்களைத் திறந்து பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ரொட்டவேற்றர் புத்தகத்தில் சொன்ன அளவில் பத்து வாங்கி, மெசின் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். போல்ட்டுக்குப் பதிலாகக் கிளச் தட்டு வைத்த சாப்ற் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஆறு மாதம் சும்மா கிடந்த தட்டு கறள் பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு பாரம் மீறினாலும் அது வழுக்காது. போகம் தொடங்க முன் ஸ்பிரிங் நட்டுக்களை எத்தனை சுற்று என்று எண்ணி இளக்கி, ஒரு தரம் வழுக்க விட்டு, எண்ணினபடியே திரும்ப இறுக்குங்கள்.

மண்ணைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. புழுதி விதைப்புக்கு அடிக்கிறீர்கள் என்றால் முதல் மழை விழுந்து இரண்டு மூன்று நாள் காத்திருக்க மனம் வராது, எனக்கும் தெரியும், எல்லோரும் ஒரே கிழமையில்தான் மெசின் கேட்பார்கள். ஆனாலும் ஒரு பிடி மண்ணை நாலு அங்குல ஆழத்திலிருந்து எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். விழுந்து உதிர்ந்தால் அடிக்கலாம். தப்பென்று அப்பிக்கொண்டால் வீட்டுக்குப் போங்கள். உருண்டையே பிடிபடாமல் கல்லாக இருந்தால் ரொட்டவேற்றர் முதல் வேலை இல்லை, கொழுக் கலப்பையால் ஒரு தரம் கிளறிவிட்டுப் பிறகு வாருங்கள். மன்னார்ப் பக்கம் கூலிக்குப் போனால் இது இன்னும் முக்கியம். முருங்கன் கறுப்புக் களி காய்ந்தால் கால் போகிற அளவு வெடிக்கும், நனைந்தால் கத்தியில் பசை மாதிரி ஒட்டும், இரண்டுக்கும் நடுவில் அது தருகிற சில நாளைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் அங்கே தொழில் செய்யலாம். முத்தையன்கட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் கச்சானும் உழுந்தும் போடுகிறவர்கள் வருடா வருடம் ரொட்டவேற்றர் மட்டுமே அடித்தால் அந்த ஆழத்துக்குக் கீழே ஒரு இறுகின தளம் படியும், வேர் அதைத் தாண்டாது. வயலுக்கு அந்தத் தளம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நல்லது. மேட்டுப் பயிருக்கு அது எதிரி. ஒரே மெசின், ஒரே வேலை, ஒருவருக்கு நன்மை மற்றவருக்குத் தீமை.

இனி அண்ணாவின் கேள்வி. வன்னியில் இருக்கிறவனிடம் பனி அள்ளக் கேட்கிறாரே என்று முதலில் சிரித்தேன். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற துளி. ஆனால் மகளிடம் போயிருந்த இரண்டு பனிக்காலத்தில், ரொறன்ரோவுக்கு வடக்கே அவளுடைய பக்கத்துக் காணிக்காரரின் மெசினில் ஏறி இந்த வேலையைப் பழகினேன், வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான். பின்னால் பூட்டுகிற வகை என்பதால் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும், இரண்டு மணித்தியாலத்தில் கழுத்து திரும்பின இடத்திலேயே நின்றுவிடும்.

அந்த இயந்திரத்தில் இரண்டு வேலை நடக்கிறது. முன்னால் திருகு போன்ற உருளை பனியை நடுவுக்கு வாரிக் கொடுக்கும், உள்ளே இருக்கிற விசிறி அதைக் குழாய் வழியே எறியும். எறிகிற தூரம் முழுக்க விசிறியின் சுற்றில்தான் இருக்கிறது. சுற்றுக் குறைந்தால் உலர் பனி கிட்டத்தில் விழும், ஈரப்பனியோ குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே பனிக்குள் நுழைய முன்பே 540 வந்திருக்க வேண்டும், உள்ளே போய்க் கூட்டுவது பிந்தின வேலை. ஈரமானால் முழு அகலத்துக்கு எடுக்காமல் பாதி அகலத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். வெயில் ஏறிக் கஞ்சி போலாக முன் வேலையை முடிப்பது இன்னும் நல்லது. குழாயின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் (நிறுத்திவிட்டுத்தான்). பெயின்ற் உரிந்து கறள் சொரசொரப்பாக இருந்தால் பனி அங்கேதான் பிடிக்கும். சுரண்டிப் பெயின்ற் அடித்து, சிலிக்கோன் ஸ்பிரேயோ மெழுகோ பூசினால் வழுக்கிக்கொண்டு போகும். சூடான கொட்டிலுக்குள் இருந்து நேரே எடுத்து வந்த இயந்திரத்தில் பனி பட்டதும் உருகி, பிறகு இரும்பு குளிர்ந்ததும் உறைந்து ஒட்டும், அதனால் வேலைக்கு முன் வெளியே நிறுத்திக் குளிர விடுவது நல்லது. வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் வெறுமனே சுற்ற விட்டு உள்ளே இருப்பதைத் துப்ப வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவோடு விசிறி உறைந்து பிடித்துவிடும், விடிய பி.ரி.ஓ. போட்டதும் முதல் சத்தமே போல்ட் உடைகிற சத்தமாக இருக்கும். கிறவல் போட்ட பாதையானால் பக்கத்துச் சறுக்கிகளை ஓர் அங்குலம் இறக்கி இயந்திரத்தின் வாயை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். குழாயால் பறக்கிற கல்லுக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி தெரியாது. நான் உடைத்தேன், அதனால் சொல்கிறேன்.

அடைத்த குழாயைக் கையால் எடுக்கவே கூடாது. எஞ்சின் நிற்க வேண்டும், சாவி பையில் இருக்க வேண்டும், நீளத் தடியால்தான் குத்த வேண்டும். அடைப்பு விடுபடும்போது விசிறி ஒரு துள்ளுத் துள்ளலாம். அதே விதி உங்களுக்கும். ரொட்டவேற்றரில் நைலோன் கயிறு, உரப்பை, முட்கம்பி சுற்றினால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுத்து எடுங்கள், அன்றன்றே எடுங்கள். சாப்ற் நுனியில் சுற்றின கயிறு இறுகி இறுகி சீலை அறுத்துவிடும்.

எங்கள் மண்ணில் உரப்பை ஏன் இவ்வளவு கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய பங்கர் இருந்த இடங்களில் மண்மூட்டை இன்னும் உக்காமல் கிடக்கிறது. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்: கூலி கூடத் தருகிறேன், பற்றைக் காணி ஒன்று இருக்கிறது, அடித்துத் தா என்று யாராவது கேட்டால், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியா என்று முதலில் கேளுங்கள். முகமாலைப் பக்கம் எவ்வளவு காலம் நிலத்தைச் சல்லடை போட்டார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். காணிக்காரரின் வாய்ச்சொல் போதாது, கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். மண்ணில் சந்தேகமான இரும்பு எதுவும் தெரிந்தால் மெசினை அந்த இடத்திலேயே நிறுத்தி, வந்த சில்லுத் தடத்தாலேயே நடந்து திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, பி.ரி.ஓ.வையும் ரொட்டவேற்றரையும் இணைக்கிற உங்கள் சாப்ற். பாவித்த ரொட்டவேற்றரோடு வந்த சாப்ற் வேறு மெசினுக்கு வெட்டினதாக இருக்கும். மெசினில் பூட்டி மெல்லத் தூக்கி இறக்கிப் பாருங்கள். ஆகக் கிட்ட வருகிற நிலையிலும் உள்குழாய் முட்டாமல் ஓர் அங்குலமாவது இடம் இருக்க வேண்டும், ஆகத் தூரப் போகிற நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு நுனிக் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மெசினின் இருக்கை வரை அதிரும். திரும்பும்போது கத்தி மண்ணை விட்டால் போதும், உச்சிக்குத் தூக்கிக்கொண்டு சுற்ற விட்டால் குறுக்கு மூட்டு போய்விடும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அந்த மூட்டுகளுக்குக் கிறீஸ்.

பிறகு அந்தச் சாப்ற்றை மூடுகிற கவர். உங்கள் கடிதத்தில் கவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எங்கள் பக்கத்தில் அது இருப்பதும் இல்லை. 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு ஒன்பது. இருபத்திரண்டு வயதில், ஓடுகிற சாப்ற்றுக்கு மேலால் குனிந்து ஒயில் கசிவு பார்த்தேன். என்ன நடந்தது என்று விளங்க முன் சாரம் இடுப்பில் இல்லை, தொடையில் தோல் இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடினது, சாரம் நைந்து கிழிகிற பழசு, அதனால் கால் தப்பியது. புதுச் சாரமாக இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். மெசின் வேலைக்குக் களிசான் போடுங்கள், கூட வருகிற பொடியனுக்கும் சொல்லுங்கள். பிளாஸ்ரிக் கவர் தனியாகவே கிடைக்கிறது, சாப்ற்றின் நீளத்தை அளந்துகொண்டு போய் வாங்கி, அது சுற்றாமல் நிற்கச் சங்கிலியையும் கொழுவுங்கள். அடுத்த கடிதத்தில் உடைந்த போல்ட் ஒன்றின் தலையைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.